வெள்ளை இதழ் இல்லாத பூ

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மழைக்குப் பிறகு இங்கே பாலைவனம் பூத்திருக்கிறது. நான் வேலை செய்யும் வீட்டுச் சின்னவனின் வயிற்றுவலிக்குத் தேநீர் போட, அவன் தாய், மேடம், மஞ்சள் பூப் பறித்துவரச் சொன்னார். நான் நடுவில் மஞ்சளாய், சுற்றி வெள்ளை இதழ் சூழ்ந்த பெரிய பூக்களை அள்ளிவந்தேன்.

“என்ன புள்ள, வயல்ல புல்லுப் புடுங்கின மாதிரி வேரோட கொண்டு வந்திரிக்காய்! அதுவும் வேற பூ!” என்று இந்த வீட்டுச் சாரதி, நம் மாவடிப்பள்ளி ஜுனைட் காக்கா சிரித்தார்.

மேடம் ஏசவில்லை. சரியான பூவைப் பறித்துவந்து, இரண்டையும் என் உள்ளங்கையில் நசுக்கிக் காட்டினார். தேநீர்ப் பூ வெறும் மஞ்சள் குமிழ். ஆப்பிள் போல மணக்கும். மற்றது கசப்பாக மணக்கும். சின்னவன் குடித்துவிட்டுத் தூங்கினான். பூப் பறிப்பது இனி என் வேலை.

காக்கா அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறார். அவர் திரும்பும்போது நம் கிணற்றடி மூக்குத்திப் பூ கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். அதை நசுக்கினால் எப்படி மணக்கும் என்று மறந்துவிட்டேன்.

மேடம் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்
ஜெனூபா