வீடியோவுக்காகக் கொட்டிய கிராவல்

அக். 8, புதன்

வெயில். மேகம் கொல்லிமலை மேல் மட்டும்.

ரோட்டில் ஜல்லியைப் பரப்பிவிட்டுப் போன காண்ட்ராக்டர் ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. ரோலரும் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து, நடுவில் இருக்கும் ஓடைப் பாலம் தாண்டி, எங்கள் வீடு வரை வெறும் கல். இன்று பால்காரர் விழுந்தார். முட்டியில் ரத்தம், பால் முழுக்கக் கல்லுக்குள்.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், அதனால் இங்கே. மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ, போன் கிடைப்பதே அபூர்வம். ஆட்டோ அண்ணனிடம் சொல்லிவைக்கப் போனேன்.

"டயர் கிழிஞ்சிரும் அம்மிணி. மெயின் ரோட்டு வரைக்கும் கூட்டியாந்துரு, அங்கிருந்து ஏத்திக்கறேன்."

அந்த வயிற்றோடு இந்தக் கல்லில் நடப்பதா?

அக். 9, வியாழன்

புழுக்கம். கார் ராலி வீடியோ மூன்று. நான் ‘தலைவன்’ என்று கும்பிடும் டிரைவரின் கார் சறுக்கிக்கொண்டே வளைவு திரும்புகிறது, சக்கரத்தில் ஒரு நடுக்கம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அப்பா மொபெட்டை ஜல்லியில் ஓட்டிப் பழகினேன். பிரேக் தொடாமல், தூரத்தைப் பார்த்து. ரெண்டு தடவை ஆட்டம். விழவில்லை!!

"உன் பின்னால உக்காந்தா ரோட்டுலயே பெத்துப் போடோணும்டி" என்றாள் அக்கா.

ராலிக்காரர்களுக்குத் தார் இல்லாத கல் பாதை எல்லாமே கிராவல். இங்கே வேற:
ஒன்றரை இஞ்சு – ரோட்டுக்கு. முக்கால் – காங்கிரீட்டுக்கு. ரெண்டும் ஜல்லி.
கிராவல் – பொடிக்கல் கலந்த செம்மண். அஸ்திவாரம் நிரப்ப. ரோட்டில் ஜல்லிக்கு மேல் தூவ. தண்ணீர் விட்டு அழுத்தினால் கல் அசையாது.

காண்ட்ராக்டர் போடாமல் போனது இதைத்தான். தெரு குரூப்பில் போட்டேன். டிப்பர் ஓட்டும் செந்தில் அண்ணன் உடனே, "ஒரு லோடு நான் தாரேன்." ஞாயிறு எல்லாருக்கும் லீவு, சேர்ந்து பரப்பலாம் என்று முடிவு. கட்டைவிரல் மழை.

அக். 10, வெள்ளி

லோடு வந்தது. செந்தில் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "ஓட்டிக்கிட்டே தூவி உடட்டுமா?"

"வேண்டாண்ணா. பாலத்து மேல ஒரே தட்டா தட்டுங்க. வீடியோவுல பின்னால மலை தெரியும்."

"பாலத்துலயா? வழி அடைச்சிருமே."

"ரெண்டு நாள்தானுங்கண்ணா."

சிவப்புப் புழுதி, பின்னால் மலை. சூப்பர் வீடியோ. இதுவரை வராத லைக்.

அக். 11, சனி

எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பிடும்போது அக்காவுக்கு வலி. பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஜல்லியில் ஊர்ந்து ஊர்ந்து பாலம் வரை வந்தது. அங்கே குவியல். இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை.

"யாருங்க இதை இங்க கொட்டுனது?" டிரைவர்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டுப் பழனியக்காதான் முதலில் மம்பட்டியோடு வந்தார். பின்னாலேயே தெருப் பெண்கள், பாண்டுச் சட்டியோடு. குவியலை நடுவில் வெட்டி வெட்டி, அள்ளிய மண்ணை எங்கள் பக்க ஜல்லியில் கொட்டினோம், ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளுகிற அகலத்துக்கு. மேலே குடத்துத் தண்ணீர்.

"மிதிங்கடி, நல்லா மிதிங்க." பழனியக்கா என் பக்கம் திரும்பி, "ஏன் அம்மிணி, இத வீடியோ எடுக்கலையா?"

மிதித்தேன். எங்கள் வாசலில் அக்கா கத்துவது பாலம் வரை கேட்டது. மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்ட்ரெச்சர் உருண்டது. ஒரே இடத்தில் சக்கரம் புதைந்தது, தூக்கிவிட்டோம். அக்கா என் கையைப் பிடித்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது. திட்டியிருக்கலாம்.

நாமக்கல் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் கேட்டார்: "கொஞ்சம் முன்னாலயே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?"

வீடியோவை அழித்துவிட்டேன்.

அக். 12, ஞாயிறு

மூட்டம். மழை வந்தால் கெட்டது.

சொன்னபடி எல்லாரும் வந்தார்கள். மிச்சக் குவியலை இழுத்துவிட்டோம். பத்தாத இடத்துக்குச் செந்தில் அண்ணன் இன்னொரு லோடு, இந்தத் தடவை ஓட்டிக்கொண்டே தூவியபடி. பின்னால் தண்ணீர் டேங்கர். தூவி முடித்ததும் மறுபடி லோடு ஏற்றி வந்து, அந்த டிப்பரையே ரோலர் மாதிரி முன்னும் பின்னும் விட்டார்.

நாலு மணிக்கு அம்மா போன். பாப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறாளாம். அக்கா போனை வாங்கினாள்.

"ரோடு எப்படிடி?"

"இறுகிருச்சு."

"நீ சொன்னா நம்பமாட்டேன். செருப்பில்லாம நடந்து பாத்துட்டு சொல்லு."

வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை நடந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தில் குத்தியது. திரும்பிப் போய் ஒரு சட்டி கிராவல் எடுத்து வந்து கொட்டி, அதையும் மிதித்தேன்.