ஸ்பிரிங்கில் போட்ட நம்பர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கராஜ் வாசலில் அத்திபெலே ரோடு முழுக்கச் சேறு. போன வருடம் நான் எஞ்சின் கட்டிக்கொடுத்த வெள்ளைக் கார் வந்தது. நின்ற இடத்திலேயே உதறுகிறது. எஞ்சின் கவரைத் திறந்தால் ஒரு வால்வு ஸ்பிரிங் இரண்டு துண்டு. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தாங்கிப் பிடித்ததால் வால்வு பிஸ்டன் மேல் விழவில்லை. வண்டிக்காரர் தப்பித்தார்.

மற்றவற்றை அழுத்திப் பார்த்தேன். புதிதில் அமுக்க 32 கிலோ வேண்டும். இப்போது 30, 31, 30. தேய்மானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடும். அப்புறம் இது மட்டும் ஏன்?

வாங்க: கேஸ்கெட் பசை, துடைக்கிற துணி, டீத்தூள்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. உடைந்த துண்டை லென்ஸில் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். முறிவு தொடங்கிய இடம் நான் கீறிய எண்.

ஸ்பிரிங் எவ்வளவு தளர்கிறது என்று அளந்து எழுதுவது என் பழக்கம். ஒன்றோடொன்று மாறக் கூடாது என்று கம்பியிலேயே மின்சார ஊசியால் நம்பர் போடுவேன். பெயிண்ட் பொட்டு எண்ணெயில் அழிந்துவிடும் என்ற புத்திசாலித்தனம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அமுங்கி எழும் கம்பி. முடி அளவு கீறல் போதும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். தெரியாதா எனக்கு? ஸ்பிரிங்கை இடுக்கியால் பிடிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். நம்பர் போடுவதும் கீறல்தான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

உடனே நினைவுக்கு வந்தது திவ்யாவின் கார், அதுவும் நான் கட்டியதுதான். வைட்ஃபீல்டில் ஐடி வேலை, திருப்பூர்ப் பெண். ஞாயிறன்று விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டப் போகிறாள். பதினாறு ஸ்பிரிங். எல்லாம் ஒற்றை, உள்ளே தாங்க இன்னொன்று கிடையாது. பதினாறிலும் என் கையெழுத்து. நூற்றெண்பதில் போகும்போது ஒன்று உடைந்தால் எஞ்சின் இறுகி, முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

ஜூலை 10, வியாழன்

முபாரக் பாயிடம் சொன்னேன். கராஜில் பாதிப் பங்கு அவருடையது.

"அரே சார்லஸு, ஒண்ணு உடைஞ்சா எல்லாமே உடையுமா? சும்னே எதுக்கு வாயைக் குடுக்கற? அந்தப் பொண்ணை ஃப்ரீ செக்கப்புன்னு கூப்பிடு. மாத்தி அனுப்பிடலாம். பேர் கெட்டா திரும்ப வராது பாத்துக்க."

புது ஸ்பிரிங் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. திவ்யாவுக்குப் போன் செய்தேன். ஃப்ரீ செக்கப் என்றேன்.

"இந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குண்ணா, தலைக்கு மேல வேலை. சண்டே முடிச்சிட்டு கொண்டு வரேன். வண்டி சூப்பரா போகுது. நீங்க கட்டுனதாச்சே!"

சரிம்மா என்று வைத்துவிட்டேன். சரிம்மாவாம். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

கூரியர் வந்தது. பதினாறும் பளபளவென்று. தொடவே பயம்.

போனை எடுத்தேன், வைத்தேன். மத்தியானம் வரை இதே வேலை. ஒரு கிளட்ச் மட்டும் முடித்தேன், அதையும் இரண்டு தடவை பிரித்து மாட்டினேன். ராத்திரி மனைவி ஸ்டெல்லா கேட்டாள், "சோத்தை ஏன் அளைஞ்சிக்கினே இருக்கீங்க?" ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

ஜூலை 12, சனி

காலை ஏழரைக்குத் திவ்யாவைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல், எல்லாவற்றையும்.

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"புதன்."

"வியாழக்கிழமை போன் பண்ணீங்களேண்ணா."

புது ஸ்பிரிங் வந்தாச்சு, இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றேன்.

பத்தரைக்குக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவள் ஓட்டி வரவில்லை என்பதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. பதினாறையும் கழற்றி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்தேன். பத்தாவது ஸ்பிரிங் வரை சுத்தம். முபாரக் பாய் "பாத்தியா?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பதினொன்றில் நம்பரை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு. பாய் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

திவ்யா அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். புது ஸ்பிரிங் பழக நாள் வேண்டும், நாளை பந்தயம் ஓட முடியாது என்றேன். தலையாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னும் எத்தனை வண்டில இப்படி நம்பர் போட்டிருக்கீங்க?"

"ஏழு" என்றேன்.

"அவங்களுக்கு எப்போ சொல்வீங்க?"

ஜூலை 13, ஞாயிறு

வானம் மூட்டம். சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. கராஜ் ஷட்டர் பாதி ஏற்றி, அளவு எழுதும் நோட்டும் போனும் மேசையில். முபாரக் பாய் கூப்பிடாமலே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டிலிருந்து முதல் வண்டிக்காரரின் போன் நம்பரை அவரே படித்தார்.

இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார்.

"என்ன சார்லஸ், சண்டே காலைல?"

"சார், வண்டி இப்ப எங்க இருக்கு?"

"வொய்ஃப் எடுத்துட்டு மைசூர் போறாங்க. ஹைவேல இருப்பாங்க இப்ப. ஏன்?"