கத்திய மாடும் பூரணத்தின் கஷாயமும்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
3.7.1936

அன்புள்ள மகள் பூரணத்துக்கு,

இவ்விடம் நானும் அப்பாவும் மாடும் சுகம். நீயும் மருமகனும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நேற்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். கஷாயம் வேண்டாம், கடிதம் வருகிறது என்று மட்டும் இருந்ததால் உன் மாமி கோபித்திருப்பார். காரணத்தைத் தந்தியில் சொல்ல முடியாது, அது ஒரு மாட்டின் கதை.

நம் செவலைப் பசுவை மாசி மாதம் காளைக்கு விட்டோம். வைகாசியில் அது மறுபடி காளை தேடி ஒருநாள் முழுக்கக் கத்தியது. பால் கறக்கும் கன்னையா, சினை நிக்கலம்மா, நின்னிருந்தா இப்படி ஊரைக் கூட்டுமா என்றான். சினையெண்டா ஏன் கத்துது என்று அப்பாவும் ரயில்வே கந்தோரில் கையெழுத்து வைப்பதுபோல் அதை முடித்துவிட்டார். அன்று காளை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் மாடு கத்தவே இல்லை, வயிறும் தெரியவில்லை. சூலகத்தில் மஞ்சளாய் ஒரு கட்டி இருக்குமாம், அதைக் கையால் பிழிந்துவிட்டால் மறுபடி கத்துமாம் என்று கேள்விப்பட்டு, காஜாங்கிலிருந்து மாட்டு டாக்டர் முத்துக்குமாருவைக் கன்னையா கூட்டி வந்தான். அவர் தோள்வரை சவர்க்காரம் பூசிக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு, நல்ல காலம் அக்கா, நான் பிழியேல்லை, உள்ளுக்குச் சின்னப் பூனை அளவில ஒரு கன்று கிடக்குது என்றார். பூனையாங்கய்யா என்று கன்னையா இரண்டடி பின்னால் போனான். அந்தக் கட்டியிலிருந்து ஹார்மோன் என்றொரு சாரம் இரத்தத்தில் கலந்து கருப்பையை அசையாமல் காக்கிறதாம். பிழிந்திருந்தால் சில நாளில் கன்று விழுந்திருக்குமாம். சினை மாடுகளும் சில கத்துமாம், கன்று கடைசி மூன்று மாதத்தில்தான் பெரிதாய் வளருமாம், அதற்குமுன் வயிற்றைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாதாம். கல்லூரியில் தாவரநூல் படித்த நான் இதை நாற்பத்தைந்து வயதில் மாட்டுக்கொட்டிலில் படித்தேன். அப்பா தனக்கு முதலே தெரியும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. நாலாம் மாதத்தில் இரண்டு நாள் இரத்தம் பட்டதென்றும், வயிறும் தெரியாததால் அது போட்டுது, கலைந்துவிட்டது என்று மாமி சொன்னதாயும், கதிர்காமம் போன நாட்டு வைத்தியர் பரியாரியார் திரும்பியதும் வயிறு கழுவ மூன்று காலை கஷாயம் என்றும் எழுதியிருந்தாய். உன்னை மாட்டோடு சேர்க்கிறேன் என்று நினைக்காதே, மாடு வேறு நீ வேறு. பிள்ளை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உன் மாமிக்கும் தெரியாது. கை வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆகவே மருமகனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் லேடி டாக்டரிடம் காட்டு. பிள்ளை இல்லையென்று அவர் சொன்னால் அவர் சொல்கிறபடி செய். அதுவரை ஒரு மிடறும் வேண்டாம்.

நீ பிறப்பதற்கு முந்திய வருடம் எனக்கும் இப்படித்தான் பட்டது. மூன்று காலை குடித்தேன், சரியான கசப்பு. நாலாம் நாள் எல்லாம் வெளியேறியது. மருந்து நன்றாய் வேலை செய்தது என்று வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. அது எதைக் கழுவியது என்று நான் அன்று கேட்கவில்லை. முத்துக்குமாரு கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் எழுதாதே.

மாமியோடு சண்டை பிடிக்காதே. கஷாயத்தைத் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக் கிணற்றடி வாழைக்கு ஊற்று, வாழைக்குக் கசப்புத் தெரியாது. பாரம் தூக்காதே. மருமகனுக்கும் உனக்கும் எங்கள் ஆசி, எல்லாம் நல்லபடி நடக்கட்டும். லேடி டாக்டர் சொன்னதை அன்றே தந்தியில் சொல், ஒரு சொல் போதும். மாட்டுக்குக் கார்த்திகை, உனக்கு மார்கழி என்று காலண்டரில் இரண்டையும் குறித்திருக்கிறேன். அந்தச் சொல் வரும்வரை எதையும் அழிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இராஜம்மா வல்லிபுரம்