பக்கத்து மந்தை

என் பிரியமானவளே,

"ஏங்க, அணுவுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்று, நீ இயற்பியல் ஆய்வுக்கூடத்தை விட்டுப் பொருளாதார ஆய்வுக்குப் போன அன்று கேட்டாய். இப்போது நாரின் மலை மேய்ச்சல் நிலத்திலிருந்து, ஆய்வுக்குக் கேட்டால் ஆட்டுக்கணக்கு யாரும் சொல்லவில்லை, வேலையை விட்டு வந்துவிடவா என்கிறாய்.

அந்த மலையில் ஆடு மேய்க்கும் எஷிம் அண்ணனிடம் நானும் ஒருமுறை கேட்டேன். "ஏதோ ரெண்டு மூணு மேயுதுப்பா," என்றார். பின்னால் மலையே வெள்ளையாக நகர்ந்துகொண்டிருந்தது. சொன்னால் கண் பட்டுவிடுமே. "பக்கத்து மந்தை?" என்றேன். "அவனுக்கா? முந்நூறு. அந்தத் திமிருதான் நடையில தெரியுதே."

நெருப்பின் சூட்டை நெருப்பா சொல்கிறது? பக்கத்திலிருக்கும் வெப்பமானியின் பாதரசம்தானே.

இங்கே குறையொன்றுமில்லை. பனிமூட்டம் ஜன்னலடியில் மந்தைபோல் படுத்திருக்கிறது. தினமும் இரண்டு தேநீர்க் கிண்ணங்களையும் கழுவி வைக்கிறேன். நீ பாதியில் வராதே.

நாளை எவரிடமும் அவருடைய ஆட்டுக்கணக்கைக் கேட்காதே, பக்கத்துக் கூடாரத்தாரின் ஆட்டுக்கணக்கைக் கேள்.

உன் வீட்டு வாத்தியார்