நடக்கும் வாஷிங் மெஷின்

என்னங்க,

கோபத்தில்தான் எழுப்பாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது.

நம் பழைய வாஷிங் மெஷினை வாங்க மருந்துக்கடைத் தம்பி பத்து மணிக்கு வருவார். புதிதாகக் கல்யாணம் ஆனவர். துணி பிழியும்போது அது நகரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். “அவரு கேட்டாத்தானே சொல்லணும்?” என்று நேற்று குதித்தீர்களே, நமக்கு விற்ற புண்ணியவானும் இப்படித்தான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாளே அது சமையலறை வாசல்வரை நடந்து வந்ததும், நாம் ஏறி உட்கார்ந்து பிடித்துக்கொண்டு அவனைத் திட்டித் திட்டிச் சிரித்ததும் மறந்துபோச்சா?

பி.கு.: ஒருவர் உட்கார்ந்தால் நிற்காது, இரண்டு பேர் வேண்டும். அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று: புது மெஷின் இம்மிகூட அசையாதாம். இனி நாம் எங்கே உட்கார்வது?