ஒரே ஒரு தடவை குளிப்பாட்ட

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் மகளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. நேற்று என் மருந்துக்கடைச் சாவியைக் கடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு வலி, பத்து நாள் வைத்துக்கொள் என்று கொண்டுவந்து விட்டாய். ஐந்து மாதம் ஆகிறது.

போன ஞாயிறு வந்தவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாய். அவள் தவழ்ந்து வந்தாள். நீ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய். ஊரில் ஒரே பஸ்தான் ஓடுகிறதா?

"கல்நெஞ்சுக்காரிதான் உன் தங்கச்சி" என்கிறார் உன் அத்தான். சண்டை போட்டேன். ஆனால் நீ ஏன் அவளைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாய் என்று எனக்கே புரியவில்லை. எதுவானாலும் எழுது.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். மணிக்கட்டு வலி பொய்.

ஒருநாள் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது, இவளைத் தண்ணீரில் அமுக்கிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆடிப்போய்விட்டேன். விரட்ட விரட்டத் திரும்பத் திரும்ப வந்தது. வாளிகளையெல்லாம் கவிழ்த்து வைத்தேன். தையல் கடையில் கத்தரிக்கோலைத் தொடப் பயந்து, துணி வெட்டுவதை விட்டுப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். கப்பலில் இருக்கிற அவரிடம் சொல்லவும் பயம். அதனால்தான் அவளை உன்னிடம் விட்டேன்.

இப்போது டாக்டரம்மாவிடம் போகிறேன். இது வேண்டாத நினைப்பு விடாமல் வந்து பயமுறுத்துகிற ஓசிடி என்கிற நோயாம். "நினைப்பு வேற, ஆசை வேறம்மா. உங்களுக்கு அது பிடிக்கலைங்கறதாலதான் இப்படி நடுங்குறீங்க" என்றார். மாத்திரை கொடுத்தார். ஒன்பது வாரமாக ஒரு பொம்மையைக் குளிப்பாட்டச் சொல்லிப் பயிற்சி. நினைப்பு வந்தாலும் கையை எடுக்கக் கூடாது. முதல் நாள் வாந்தி எடுத்தேன். இப்போது பொம்மைக்குத் தலை துவட்டிப் பவுடர்கூடப் போடுகிறேன். சிரிக்காதே.

இனிப் பாப்பாவையே குளிப்பாட்டலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒரே ஒரு தடவை. நீ கதவுக்கு வெளியே நின்றால் போதும். யாராவது ஒருவரிடம் மனசைத் திறந்து சொல்லச் சொன்னார். எனக்கு நீதானே இருக்கிறாய்.

உன் தங்கச்சி

ஜூன் 15

அன்புள்ள தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை வராதே.

கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். அத்தானிடம் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்.

நீ எறும்பைக்கூட மிதிக்க மாட்டாய். எனக்குத் தெரியாதா? ஆனாலும் படித்ததைப் படிக்காததாக்க முடியவில்லையடி. உன் கையில் கொடுத்துவிட்டு நான் எப்படி வெளியே நிற்பேன்? இனி இப்படி ஒன்றும் நடக்காது என்று அந்த டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் வா. என்மேல் கோபப்படாதே.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

கோபம் இல்லை. கேட்டுப் பார்த்தேன். "அப்படி யாரைப் பத்தியும் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. உங்க அக்காவைப் பத்திகூட முடியாது" என்றார். உன்னிடம் பேசுவதாகவும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன்.

உலகமே என்னைப் பார்த்துப் பயந்தாலும், நீ மட்டும் "போடி பைத்தியம்" என்று சிரித்துவிட்டு அவளைத் தூக்கி என் கையில் கொடுப்பாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அத்தனையும் எழுதினேன். இப்போதும் அந்தத் தண்ணீர் நினைப்பு வருகிறது. ஆனால் உன் குரலில் வருகிறது.

பொம்மையைத் தொட முடியவில்லை. வீட்டில் இருக்கிற கத்தரிக்கோலையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வைத்தியத்தை விடமாட்டேன், பயப்படாதே. ஆனால் எல்லாம் முதலிலிருந்து. எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதற்குள் அவள் நடந்துவிடுவாள், பேசிவிடுவாள்.

இனி வாசல்வரைக்கும் வந்து உங்களைக் கலங்கவைக்க மாட்டேன். அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதே.

தங்கச்சி