நின்றுபோனது என்று எழுதாதே

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நலம், மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, கெடுதல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை. எப்படியும் இந்தக் கவரில் ஒரு காகிதத்தை உனக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, அதோடு இதையும் வைக்கிறேன். இடையில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்குகிறார், கேட்டால் "முப்பது வருஷம் வீடு வீடா ஏறி மீட்டர் படிச்ச கால்டி, பென்ஷன் கேக்குது" என்று சிரிக்கிறார். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் மனைவி கண்ணாடிக் கடையில் போன மாதத்திலிருந்து தலைமைப் பொறுப்பில் இருக்கிறாள், அதை உன்னிடம் சொன்னாளோ என்னவோ. காலை ஒன்பதுக்குப் போனால் ஏழரைக்கு வருகிறாள், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஐந்து நிமிஷம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், நாள் பூராவும் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவளுக்குத் தன் கண்ணை மூட அந்த ஐந்து நிமிஷம்தான். எனக்கும் அசதியாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டு வாரமாகத் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இல்லை. காரணத்துக்கு வருகிறேன்.

உன் மனைவி உன்னிடம் வருவதற்கான விசா ஃபாரத்தில் நீ போன இடம், வந்த தேதி எல்லாம் பத்து வருஷத்துக்குக் கேட்டிருந்தார்கள் அல்லவா. உன்னைக் கேட்டதற்கு "அம்மா நோட்டுல இருக்கும், பாத்துக்க" என்று அவளிடம் சொன்னாயாம். இருக்கும்தான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, மற்றதெல்லாம் பழைய பேப்பரையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நானே படித்தது, அதனாலேயே எழுதத் தெரிந்த கையைச் சும்மா வைக்க மனசு வராமல் இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். கேஸ் சிலிண்டர் வந்த தேதி, உனக்குப் பல் விழுந்த தேதி, யார் வந்தார், யாருக்குக் காய்ச்சல், எல்லாம். அப்பா என்னை ஆபீசரம்மா என்று கூப்பிடுவது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து நோட்டுகளை எடுத்து அவளிடம் நானே கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன், தம்பி. அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை, பார், அவ்வளவு தூரம் மறந்திருக்கிறோம்.

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேதிகளைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் உன்னைப் பதினான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்களே, அந்தப் பக்கம் வந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள். 'மகன் பயிற்சிக்குப் புறப்பட்டான், விமானம் இரண்டு மணி தாமதம். மருமகளுக்குக் காய்ச்சல், மாத்திரை வாங்கியது.' படித்துவிட்டு அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, "அத்தை, அந்த வருஷம் நான் காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன். இது எந்த மருமக?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். என் மைத்துனர் மகனின் மனைவியும் எனக்கு மருமகள் முறைதானே, அந்தச் சொல் கைக்கு அடக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டது. "உன் சின்ன மாமனார் மருமக, ஆஸ்பத்திரிக்குக் காட்டறதுக்காக வந்து தங்கியிருந்தா" என்று சொல்லிவிட்டேன். பீன்ஸ் நறுக்கின கை நிற்கவே இல்லை. அவளும் "ஓ" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன், வாய் சொல்கிறது, உள்ளே போகவில்லை. நாற்பது வருஷமாகச் சொல்கிற வார்த்தைகள், பாதியில் எது என்று மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன், மூன்று தரம். எழுந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னதற்கு "அவ கேட்டா அப்ப சொல்லிக்கலாம், விடு" என்றார். "கேட்டுட்டாளே" என்றேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். உனக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது, பதிவும் செய்திருந்தது, அந்தப் பெண் இந்த வீட்டில் நாலு மாதம் இருந்தாள், அப்புறம் கோர்ட்டில் விவாகரத்து ஆனது, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவர் சொன்னார் அத்தை, ஒரு கல்யாணம் நின்னு போச்சுன்னு. மண்டபத்துல நின்னுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்குள்ள வந்து நாலு மாசம் கழிச்சு நின்னுச்சுன்னு சொல்லலையே" என்றாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள், டம்ளரில் காப்பி அப்படியே இருந்தது.

உன்மேல் மட்டும் பழி போடவில்லை. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவள் நான்தான். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போன அதே வாரத்தில் உன் அத்தை வந்து குடைந்து குடைந்து கேட்டபோது, "அது நின்னு போச்சு" என்று என் வாயில்தான் முதலில் வந்தது. வசதியான வார்த்தையாக இருந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் கல்யாணமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், தெரிந்தவர்கள் கேட்டால் வாழ்க்கை நின்றது என்று எடுத்துக்கொள்வார்கள், நாம் பொய் சொன்னதாகவும் ஆகாது. உன் இந்தக் கல்யாணம் பேசும்போது "அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டியா" என்று உன்னைக் கேட்டேன், "நின்னு போனதைத்தானே, சொல்லிட்டேம்மா" என்றாய், நானும் நிம்மதியாகப் போனை வைத்தேன். எந்த வார்த்தையில் சொன்னாய் என்று கேட்கவில்லை. நான் கொடுத்த வார்த்தைதானே, தெரியாதா எனக்கு.

அன்றும் அவள் வழக்கம்போல ஏழரைக்குத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து மூன்று கேள்வி கேட்டாள், கடையில் நாள் பூராவும் யோசித்து வைத்திருந்தாள் போல. அடித்தாரா என்று கேட்டாள், இல்லை என்றேன், அது சத்தியம். அவங்க என்ன தப்பு பண்ணாங்க என்று கேட்டாள், தப்பு என்று ஒன்றும் இல்லை, இவன் பேசவில்லை, அவளும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவதை விட்டுவிட்டாள் என்றேன். மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது. "காய்ச்சலோட இருந்தாங்களே, அந்தப் பதினாலு நாள்ல அவங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணார்?" நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ போன் செய்தால் எழுதி வைப்பேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு தரம் செய்திருக்கிறாய், இரண்டும் எனக்கு. அவளைப் பற்றி விசாரித்ததாக ஒரு வரி இல்லை. விசாரித்தானா என்று நான் யோசித்ததாகவும் இல்லை. மாத்திரையை வாங்கி அறை வாசலில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் பங்கு. அதை அப்படியே உன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "சரி அத்தை" என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அதன் பிறகுதான் ஃபாரத்தின் ஞாபகமே வந்தது. முன்பு திருமணம் ஆனதுண்டா என்று கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டிலும் 'இல்லை' என்று டைப் ஆகியிருக்கிறது. அகராதியை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன், இங்கே நின்றுபோவதற்கு இடமே இல்லை, 'ஆம்', 'இல்லை' இரண்டுதான். டைப்பிங் கடைக்காரரிடம் நானும் அப்பாவும் போனோம். "உங்க புள்ளதான் போன்ல இல்லைன்னு போடச் சொன்னாரும்மா, நான் என்ன ஜோசியமா பாக்கறேன்" என்றார். நான் பையிலிருந்து உன் பழைய ஃபாரத்தின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், நீ முதல்முதலாக வெளிநாட்டு வேலைக்குப் போனபோது இதே கடையில் போட்டது. அப்போது விவாகரத்துக் கேஸ் முடியவில்லை, அதனால் 'மணமானவர்' என்று அந்தப் பெண்ணின் பெயரோடு போட்டிருக்கிறது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஐயையோ, நல்ல வேளை அனுப்பறதுக்கு முன்னாடி கொண்டாந்தீங்க. பழசுல ஒண்ணு புதுசுல ஒண்ணுன்னா விசா ஆபீஸ்காரன் நம்மளைப் பொய்க்காரன்னு முடிவு பண்ணிடுவான். உங்க மருமகளுக்கு விசா கிடைக்காததோட போகாது, உங்க புள்ளையோட வேலைக்கே வந்து நிக்கும். விவாகரத்து ஆனது குத்தமே இல்லம்மா, அதை மறைச்சா பாருங்க, அதுதான் குத்தம்" என்றார். ஊரில் ஆயிரம் பேருக்கு ஃபாரம் போட்ட மனுஷர், கடைசி வரியை எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது.

விவாகரத்துத் தீர்ப்பு நகல் என்று நம்மிடம் இருந்தது சீலில்லாத ஜெராக்ஸ். முத்திரை போட்ட நகல் வேண்டுமாம். அப்பா கோர்ட் பதிவறைக்கு நான்கு நாள் நடந்தார். முதல் நாள் ஆள் லீவு, இரண்டாம் நாள் கேஸ் நம்பர் தப்பு, மூன்றாம் நாள் கேஸ் கட்டைத் தேடுகிறோம் என்றார்கள், நான்காம் நாள் விரலில் ரப்பர் உறை போட்ட ஒரு அம்மாள் ஏணியில் ஏறித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாராம். உட்கார நாற்காலி இல்லை, அதுவரை அப்பா ஜன்னல் திண்டில் சாய்ந்து நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, "இவளே, அதுல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார். படித்தேன். இன்ன தேதியில் நடந்த திருமணம் இந்தத் தேதியோடு முறிக்கப்படுகிறது என்று இருக்கிறது. நடந்த என்று போட்டிருக்கிறது, தம்பி. நடக்காததை எந்தக் கோர்ட்டும் முறிக்க முடியாது. அப்பா ரொம்ப நேரம் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி ஒரு குழந்தை இருக்கிறது என்று அந்தக் காலத்து வக்கீலின் குமாஸ்தா பதிவறையில் பார்த்தபோது சொன்னாராம். எங்கள் இரண்டு பேருக்கும் அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. ஆறுதல்பட எங்களுக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

இப்போது நிலவரம் இது. ஃபாரத்தைத் திருத்தி மறுபடி டைப் செய்தாயிற்று, உன் கட்டத்தில் 'ஆம்' என்று போட்டு இரண்டு தேதியும் எழுதியாயிற்று. அதோடு கணவர் தன் கையால் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடைக்காரர் ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருக்கிறார், பெயரை மாற்றினால் போதும் என்றார். உன் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். "அவரே எழுதட்டும் அத்தை. ஆபீசுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு வேண்டாம், ஒண்ணே எழுதட்டும். அதைப் படிச்சிட்டு என் கையெழுத்தைப் போடறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்" என்றாள். அவள் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. ஃபாரம் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் படாத ஓரமாக, அகராதிக்கு அடியில் இருக்கிறது. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். நான் அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன், நீயும் போன் போட்டுக் கெஞ்சாதே, அப்பாவைத் தூதும் விடாதே. அவள் போட மாட்டேன் என்றால் அது அவள் நியாயம். கேட்டபோது ஒளித்தவள் நான், அவளிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

நீ எழுது. நீ சாமர்த்தியமாக எழுதுவாய் என்று தெரியும், அது வேண்டாம். நின்றுபோனது என்று எழுதாதே, ஒத்துவரவில்லை என்று எழுதாதே, இளம் வயது, வீட்டுச் சூழ்நிலை என்று எங்களைக் குறுக்கே இழுக்காதே. நடந்தது என்று எழுது. அந்தப் பெண்ணின் பெயரை முழுதாக எழுது. அவள் காய்ச்சலாய்க் கிடந்தபோது போன் செய்யவில்லை என்று விசா ஆபீசுக்குத் தேவையில்லை, ஆனாலும் எழுது, படிக்கப் போகிறவள் யார் என்று உனக்குத் தெரியும். தீர்ப்பு நகலை இதோடு வைத்திருக்கிறேன், தேதிகளை அதைப் பார்த்துச் சரியாகப் போடு, ஞாபகத்திலிருந்து போடாதே. எழுதி முடித்ததும் நகலோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பு, மடிக்கும்போது முத்திரையின் மேல் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தப் பெண் போன நாளை நோட்டில் தேடினேன். போனாள் என்று நான் எழுதவே இல்லை. அந்தத் தேதியில் 'பால் அரை லிட்டர் குறைக்கச் சொன்னது' என்று மட்டும் இருக்கிறது. நாலு மாதம் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அவ்வளவுதான் இடம் கொடுத்திருக்கிறேன். நேற்று அதற்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி வைத்தேன்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் அதை எழுத மனசும் கொடுக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் அடக்கம். உன் மனைவி தன் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள், உனக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். காலையில் பால்காரர் வழக்கம் போல எவ்வளவு என்று கேட்டார். குறைக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா